அம்மா டிரே

இதுவரை நடந்ததை நாலு வரியில் சொல்லிவிடலாம். பதினாறு மாதம் முன்பு என் மனைவி நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டாள். எங்களுக்கு ஒரு மகள். இப்போது நாலரை வயது. மாமனார் தன் வீட்டு மாடியை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தார். கீழே அவரும் என் மனைவியின் தங்கையும் இருக்கிறார்கள். தங்கையை வீட்டில் சின்னவள் என்போம். அவள் கணவன் கப்பலில் எலக்ட்ரீஷியன். வருடத்தில் எட்டு மாதம் தண்ணீரில் இருப்பான். அவளுக்கு ஒன்பது மாதத்தில் ஒரு மகன்.

நானும் சின்னவளும் ஒரே பல் லேப்பில் வேலை பார்க்கிறோம். என் மனைவியும் அங்கேதான் இருந்தாள். பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். நாங்கள் பல் செய்து திருப்பி அனுப்புவோம். போன வாரம் பீங்கான் பெஞ்சின் தலைமை ஆள் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த இடம் சின்னவளுக்கா, விசில் என்று நாங்கள் கூப்பிடும் இன்னொருவனுக்கா என்பதுதான் கேள்வி. இன்று நாலு மணிக்கு லேப் முதலாளி டாக்டரம்மா சொல்வதாக இருந்தது.

காலை ஏழரைக்கு நான் மகளைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

மாமனார் முப்பத்தைந்து வருடம் ஊருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். இப்போது அவருக்கு இரண்டே மாணவர்கள். பேரனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"வாயைத் திற. அப்படித்தான். மெதுவா, மெதுவா... அடேய், ரிவர்ஸ் போடாதே!"

கஞ்சி அவர் சட்டையில் வந்து விழுந்தது. என் மகள் கைகொட்டிச் சிரித்தாள்.

"சிரிக்காதேடி. நீ இந்த வயசுல பிரேக்கே இல்லாத வண்டி."

சின்னவள் கண்ணாடி முன் நின்று கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கொண்டை ஊசி பற்களுக்கு நடுவில் இருந்தது. அதோடுதான் பேசினாள்.

"அத்தான், டாக்டரம்மா இன்னிக்கு உங்களைக் கூப்பிடுவாங்கல்ல?"

"கூப்பிடலாம்."

"கூப்பிடுவாங்க. நோட்டு உங்ககிட்டதானே இருக்கு."

"ஆமா."

"என்ன சொல்வீங்க?"

"நோட்டுல இருக்கறதைச் சொல்வேன்."

அவள் ஊசியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தாள். "நோட்டுல இருக்கறது மட்டும்தானா?"

மாமனார் சட்டையைத் துடைத்துக்கொண்டே குறுக்கே வந்தார். "மாப்பிள்ளை இருக்கும்போது உனக்கு என்னடி கவலை? உங்கக்காவை எப்படிப் பார்த்துக்கிட்டார்! குழந்தைன்னு ஆனதும் நாலு மணிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவார். எந்தப் புருஷன் செய்வான்?"

"ஆமாப்பா" என்றாள் சின்னவள். ஊசியைக் கொண்டையில் குத்தினாள். அவ்வளவு அழுத்தி ஊசி குத்த வேண்டிய அவசியமில்லை.

லேப் வரை பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனோம்.

என் வேலை டிரே பிரிப்பது. காலையில் வரும் அச்சுகளைச் சீட்டோடு சேர்த்து டிரேயில் வைத்து, யார் பெஞ்சில் எது என்று முடிவு செய்து, நோட்டில் எழுத வேண்டும். முன்பல்லுக்குச் சிவப்பு டிரே. கடைவாய்ப்பல்லுக்கு நீலம். அச்சில் பிளாஸ்டர் ஊற்றுவது, காய்ந்ததும் ஓரம் சீவுவது போன்றவற்றுக்கு வெள்ளை.

அடிப்படைச் சம்பளம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்று. அதற்கு மேல் பல்லுக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு முன்பல் மூன்று கடைவாய்ப்பல்லுக்குச் சமம். வெள்ளை டிரேக்குக் கூலி கிடையாது.

என் மனைவிதான் முன்பல்லில் முதல் கை. முன்பல்லின் நுனி லேசாக ஒளி ஊடுருவ வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு அழகாகச் செய்தாலும் வாயில் வைத்ததும் பொய்ப்பல் என்று தெரிந்துவிடும். பீங்கான் பொடியைத் தண்ணீரில் குழைத்து, தூரிகையால் பூச்சுப் பூச்சாக ஏற்றி, ஒவ்வொரு பூச்சுக்கும் ஃபர்னஸில் வைத்துச் சுட்டு எடுப்பாள். அவள் செய்த பல்லை அச்சில் இருக்கும் மற்ற பற்களோடு வைத்துவிட்டு எது புதுசு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மகள் பிறந்து நாலாம் மாதம் அவள் வேலைக்குத் திரும்பினாள். முதல் நாள் காலை அவள் பெஞ்சில் நான் வெள்ளை டிரே வைத்தேன். ஃபர்னஸில் பல் இருக்கும்போது பாதியில் எழுந்து போக முடியாது. பிளாஸ்டர் என்றால் கையைக் கழுவிவிட்டுக் கிளம்பலாம். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்தாலும் கவலையில்லை.

"இப்போதைக்கு" என்றேன்.

"எதுவரைக்கும் இப்போதைக்கு?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நானும் சிரித்தேன்.

லேப்பில் எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. அம்மா டிரே என்று யாரோ பெயர் வைத்தார்கள். டாக்டரம்மா எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டி, "இந்தப் புத்தி எனக்கு வரலையே" என்றார். கைதட்டினார்கள். என் மனைவியும் கைதட்டினாள். அதன் பிறகு பிரசவம் முடிந்து வந்த நான்கு பெண்களுக்கு வெள்ளை டிரே வைத்தேன். யாரையும் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. கடைசியாக, ஐந்து மாதம் முன்பு, சின்னவளுக்கு.

மகள் பிறந்த மாதம் எனக்குச் சம்பளம் கூடியது. "இனிமே நீ குடும்பஸ்தன்" என்றார் டாக்டரம்மா. ஒரே குழந்தைதான். என் சம்பளம் ஏறியது, அவள் சம்பளம் பாதிக்கும் கீழே இறங்கியது. இரண்டும் ஒரே அலமாரியில் போய்ச் சேர்ந்ததால் எனக்குக் கண்ணில் படவில்லை. நான் கல்லூரியில் புள்ளியியல் படித்தவன்.

பதினொரு மணிக்கு டாக்டரம்மா கூப்பிட்டார்.

அவருக்கு அறுபது வயது. சொந்தக் கிளினிக் ஒன்று, இந்த லேப் ஒன்று. மேஜையில் எப்போதும் ஒரு முழுப் பல்செட் இருக்கும். காகிதம் பறக்காமல் இருக்க அதைத்தான் வைப்பார்.

"உட்கார். அஞ்சு மாசக் கணக்கு எடுத்துட்டு வந்தியா? விசிலு முன்பல் எத்தனை?"

"இருநூத்திப் பதினாலும்மா."

"பரவாயில்லையே. மேல் வரிசை ஆறு பல் ஒண்ணு போன மாசம் பண்ணினானே, அந்தப் பல் வச்ச பொண்ணு கண்ணாடியைக் கீழே வைக்கவே இல்லையாம். டாக்டர் போன் போட்டுச் சொன்னார். சரி, உன் மச்சினி?"

நோட்டைப் பார்த்தேன். பார்க்கத் தேவையில்லை.

"பூஜ்யம்மா."

"பூஜ்யமா? வேற யார் வரியையாவது படிக்கறியா?"

"இல்லம்மா."

"பிரசவத்துக்கு முன்னாடி?"

"மாசம் நாப்பது."

டாக்டரம்மா பல்செட்டை எடுத்துத் திறந்து மூடினார். "நாப்பதுலேருந்து பூஜ்யமா... கை விட்டுப்போச்சோ அவளுக்கு?"

'நான் கொடுக்கலை' என்று சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை.

"குழந்தை சின்னதும்மா" என்றேன்.

"அதானே. நானும் அதைத்தான் நினைச்சேன். பாவம், அவளைப் போட்டு எதுக்கு வாட்டணும்? விசிலையே போட்டுடுவோம். நாலு மணிக்கு எல்லாரையும் கூப்பிடு, நான் கிளினிக் போயிட்டு வந்துடறேன்."

வெளியே வந்து நடைவழியில் நின்றேன். நான்கு வருடம் முன்பு ஒரு நாள் அதே நாற்காலியில் உட்கார்ந்து இதே இரண்டு வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். அன்றும் தலைமை இடம் காலியாக இருந்தது. "உன் பெண்டாட்டிக்குச் சரிப்படுமா?" என்று டாக்டரம்மா கேட்டார். அவளைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார். நானும் பதில் சொன்னேன். அந்த இடம் வெளியாள் ஒருவருக்குப் போனது. அதன் பிறகு இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, என் கை அவங்களுக்குப் போதலை போல" என்றாள்.

நான் அப்போதும் சொல்லவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டீ போடும் மூலையில் விசில் வந்து நின்றான். முப்பது வயது, கல்யாணம் ஆகவில்லை. வேலை செய்யும்போது ஓயாமல் விசிலடிப்பான். இன்று காலையிலிருந்து சத்தமே இல்லை.

"அண்ணே, எனக்குத்தான் கொடுக்கறாங்களாமே?"

"யார் சொன்னா?"

"உங்க மூஞ்சி சொல்லுது."

டீயை வாங்கிக்கொண்டான். குடிக்கவில்லை.

"அண்ணே, இது சரியில்லை. அந்த ஆறு பல்லு நான் பண்ணலை."

"என்னடா சொல்றே?"

"அடிப்பூச்சு நான்தான். நிறம் ஏத்துனது, நுனி வச்சது, எல்லாம் சின்னக்கா. சாப்பாட்டு நேரத்துல வந்து என் பெஞ்சுல உட்காருவாங்க. முக்கால் மணி நேரத்துல முடிச்சுட்டு பிளாஸ்டருக்குப் போயிடுவாங்க. ஃபர்னஸை நான் பார்த்துக்குவேன். என் இருநூத்திச் சொச்சத்துல எண்பது, தொண்ணூறு அவங்க கைதான்."

"சீட்டுல உன் கையெழுத்து இருக்கே."

"அதான் சரியில்லைன்னேன். கூலியில பாதி கொடுத்துடுவேன், வாங்கிக்குவாங்க. பெரியக்காதான் வாங்கவே மாட்டாங்க."

எனக்கு அது உடனே உறைக்கவில்லை.

"யாரு?"

விசில் என்னைப் பார்த்த பார்வையில் பயம் இருந்தது. இவருக்குத் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்துவிட்டோமே என்ற பயம்.

"பெரியக்காதாண்ணே. உங்க வீட்டுல. மூணு வருஷம். எனக்கு முன்பல் கத்துக்கொடுத்ததே அந்தச் சாப்பாட்டு நேரத்துலதான். 'கை மறந்துடக் கூடாதுடா, என்னை எந்திரிக்கச் சொல்லாதே'ம்பாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நான் கேட்டேன். 'அவர் எனக்கு நல்லது பண்றதா நினைச்சு சந்தோஷமா டிரே அடுக்கறார். அதைக் கெடுப்பானேன், விடு'ன்னாங்க."

டீ போடுகிற அம்மாள் வந்து கெட்டிலை எடுத்துப் போனாள். விசில் தன் டீயை அப்படியே தொட்டியில் ஊற்றினான்.

நான் ஒவ்வொரு நாளும் அவள் மதியம் சாப்பிட்டாளா என்று கேட்பேன். சாப்பிட்டேன் என்பாள்.

சின்னவள் பிளாஸ்டர் தொட்டியடியில் இருந்தாள். முழங்கை வரை வெள்ளை. நான் போய் நின்றதும் குழாயை மூடினாள்.

"உள்ளே என்ன கேட்டாங்க?"

"உன் முன்பல் எத்தனைன்னு கேட்டாங்க. பூஜ்யம்னேன்."

"சரி. அதுதான் நோட்டு. அப்புறம்?"

"கை விட்டுப்போச்சான்னு கேட்டாங்க."

"நீங்க?"

"குழந்தை சின்னதுன்னேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். பக்கத்தில் இருந்த பழைய துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தாள்.

"குழந்தை வளர்ந்துடும் அத்தான். எத்தனை வருஷம் கழிச்சு எனக்குச் சிவப்பு டிரே வைக்கறதா இருந்தீங்க?"

"யோசிக்கலை."

"அக்காவுக்கு?"

"அதுவும் யோசிக்கலை."

"நீங்க கெட்டவரா இருந்திருந்தா எங்களுக்கு ரொம்ப வசதியா இருந்திருக்கும். சண்டை போட்டிருக்கலாம். நீங்க பால் டப்பா கழுவறீங்க, துணி மடிக்கறீங்க. உங்ககிட்ட போய் எப்படிச் சண்டை போடறது? அக்கா எங்கிட்ட அதைத்தான் சொல்லும்."

"விசில் எல்லாம் சொல்லிட்டான்."

துணி நின்றது. "ஓட்டை வாய். அவன் வேலைக்கும் ஆபத்து, என் வேலைக்கும் ஆபத்து. டாக்டரம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்லாம இருந்தா உனக்குக் கிடைக்காது."

"சொன்னா இருக்கறதும் போயிடும்."

அவள் சொன்னது நியாயம். சீட்டில் யார் கையெழுத்தோ அவர்தான் அந்தப் பல்லுக்குப் பொறுப்பு. ஒருவர் கை, இன்னொருவர் கையெழுத்து என்பது எங்கள் தொழிலில் சின்னத் தப்பில்லை.

"நான் என் பங்கை மட்டும் சொல்றேன்" என்றேன்.

"உங்க பங்குன்னு ஒண்ணு தனியா இருக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் குழாயைத் திறந்துவிட்டாள்.

நாலு மணிக்கு எல்லோரும் பீங்கான் பெஞ்சைச் சுற்றி நின்றார்கள். பதினேழு பேர். வெள்ளை டிரேப் பெண்கள் நால்வரும் பின்னால், கைப்பையைத் தோளில் மாட்டியபடி. அவர்களுக்கு அது கிளம்பும் நேரம்.

டாக்டரம்மா தொண்டையைக் கனைத்தார். "ஒரு நிமிஷ வேலை. அஞ்சு மாசக் கணக்கைப் பார்த்தேன்..."

"அம்மா, அந்தக் கணக்கு தப்பு" என்றேன்.

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"காலையில நீதானே படிச்சே?"

"நான்தான் படிச்சேன். சின்னவளுக்கு ஒரு முன்பல்கூட நான் பிரிச்சுக் கொடுக்கலை. கொடுத்து, அவ பண்ணாம இருந்தாத்தான் கை விட்டுப்போச்சுன்னு அர்த்தம். நான் வச்சதெல்லாம் வெள்ளை டிரே. அவளைக் கேட்கலை. யாரையுமே கேட்கலை."

பின்னாலிருந்த பெண்களில் ஒருத்தி கைப்பையைக் கீழே வைத்தாள்.

"என் மனைவியையும் கேட்கலை" என்றேன். "நாலு வருஷம் முன்னாடி நீங்க கேட்டப்பவும் நானாத்தான் பதில் சொன்னேன். அவ ஆசைப்பட்டா. எனக்கு அது தெரியும்னு இப்பத்தான் என்னாலயே ஒத்துக்க முடியுது."

தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினேன். தரை முழுக்கப் பிளாஸ்டர் தூள். எல்லோருடைய செருப்புத் தடமும் அதில் இருந்தது.

என் பங்கோடு அது நிற்கவில்லை. "அந்த ஆறு பல்லும் சின்னக்கா கைம்மா" என்றான் விசில். யாரும் கேட்காமல் அவனே கையைத் தூக்கியிருந்தான், பள்ளிக்கூடப் பையனைப் போல.

டாக்டரம்மாவின் முகம் சிவந்தது. "அப்ப சீட்டு?"

"என் கையெழுத்து."

"பல்லு உடைஞ்சு ஒருத்தி வந்து நின்னா நான் யாரைக் கேட்பேன்? உன்னையா, அவளையா? என் பேர் போட்ட லேப்புல ரெண்டு பேரும் ஒளிஞ்சு விளையாடியிருக்கீங்க. உங்களைச் சும்மா விட்டா எனக்குத்தான் புத்தியில்லை." பிறகு என் பக்கம் திரும்பினார். "இதுக்கெல்லாம் ஆரம்பம் நீ. அன்னிக்கு நான்தானே உன் தோளைத் தட்டினேன்? சே!"

அந்தச் 'சே'யில் பாதி அவருக்கே என்று பட்டது. ஆனால் அதை நினைத்து ஆறுதல் அடையும் நிலையில் நான் இல்லை.

"நாளையிலேருந்து நீ நோட்டைத் தொடாதே." சின்னவளைப் பார்த்தார். குரல் தணிந்தது. "இந்தாம்மா, இவன் நாற்காலியில நீ உட்காரு. நிலையான சம்பளம். ஃபர்னஸ் கிடையாது, காத்திருக்க வேண்டியது கிடையாது. அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போயிடலாம். உனக்கும் கைக்குழந்தை. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

பின்வரிசையில் யாரோ மூச்சு விட்டது கேட்டது.

சின்னவள் டிரே அலமாரிக்குப் போனாள். நாளைக் காலை போக வேண்டிய ஒரு சிவப்பு டிரே அங்கே இருந்தது. ஒற்றை முன்பல், கடைசி இரண்டு பூச்சு பாக்கி. அதை எடுத்து வந்து பீங்கான் பெஞ்சில், விளக்குக்கு அடியில் வைத்தாள். சீட்டை எடுத்தாள். விசிலின் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

"நாற்காலி வேண்டாம்மா. இதை முடிச்சுக் காட்டறேன். பார்த்துட்டுத் தலைமை கொடுங்க, இல்லன்னா வேலையை விட்டு அனுப்புங்க. எதுவானாலும் இந்தப் பல்லைப் பார்த்துட்டுச் சொல்லுங்க."

"ஃபர்னஸ் முடிய ஆறரை ஆகும். உன் பிள்ளையை யார் பார்ப்பா?"

"நான் இப்பவே போறேன்மா" என்றேன். "ரெண்டு பேரையும் நான் பார்த்துக்கறேன்."

"உன்னை யாரு கேட்டா?" என்றார் டாக்டரம்மா.

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சின்னவள் தூரிகையைத் தண்ணீரில் முக்கினாள். திரும்பிப் பார்க்காமலே, "போங்க அத்தான். அவனுக்கு ஆறு மணிக்குப் பால்" என்றாள்.

டாக்டரம்மா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். நான் போகும்போது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாமனார் வாசலிலேயே நின்றார். தோளில் பேரன், காலைக் கட்டிக்கொண்டு என் மகள்.

"என்ன மாப்பிள்ளை, தனியா வர்றீங்க? சின்னவ எங்கே?"

"பல்லு ஃபர்னஸ்ல இருக்கு மாமா. ஏழு ஆகும்."

பேரனை வாங்கிக்கொண்டேன். பால் கலக்கினேன். மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தேன். இதெல்லாம் எனக்கு நன்றாக வரும்.

மகளை டி.வி. முன்னால் உட்கார வைத்துவிட்டுச் சமையலறையில் நின்றபடி அவரிடம் சொன்னேன். வெள்ளை டிரே, நாற்காலி, மூன்று வருடச் சாப்பாட்டு நேரம். எதையும் மெழுகவில்லை. பெரிய மகள் கெட்டிக்காரி என்று ஊரெல்லாம் சொன்ன மனிதர். அவளை நான் பிளாஸ்டர் ஊற்ற வைத்தேன் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பால் புட்டியைப் பார்த்துச் சொன்னேன்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"அவளுக்கு வேற லேப்புல கூப்பிட்டாங்க. உங்களுக்குத் தெரியுமா?"

"இல்லையே."

"உங்க பாப்பாவுக்கு ஒரு வயசு இருக்கும் அப்ப. ஊருக்கு அந்தக் கோடியில. தலைமை வேலை, அப்ப வாங்கிட்டிருந்ததைப் போல மூணு மடங்கு. என்கிட்ட வந்தா. 'அப்பா, காலையிலேருந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும் பாப்பாவைப் பார்த்துக்கறியா? நீ சரின்னா அவர்கிட்ட நான் பேசிக்கறேன்'னா."

குழந்தை புட்டியை விட்டுவிட்டு அழப் பார்த்தது. தோளில் சாய்த்துக்கொண்டேன்.

"எனக்கு அப்ப அறுபத்தொண்ணு. இன்னும் ரெண்டு வருஷம் வண்டி கத்துக்கொடுக்கலாம்னு இருந்தேன். கையில நாலு காசு வருது, நாலு பேர் வாத்தியாரேன்னு கும்பிடறான். அதை விட மனசு வரலை. 'பிள்ளையை விட்டுட்டு அவ்வளவு தூரம் எதுக்கும்மா, மாப்பிள்ளைதான் நல்லாப் பார்த்துக்கறாரே'ன்னேன். சரிப்பான்னுட்டுப் போயிட்டா. மறுபடி கேட்கவே இல்லை."

அவர் கையை விரித்துப் பார்த்தார். ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்துப்போன கை.

"சின்னவ பிள்ளைக்காக வேலையை விட்டேன். ஒரே வார்த்தைதான் கேட்டா, விட்டுட்டேன். ஏன் மாப்பிள்ளை? பெரியவ போனப்புறம்தான் என்னால அது முடிஞ்சுது."

டி.வி.யில் ஏதோ ஒரு பொம்மை பாடிக்கொண்டிருந்தது. என் மகள் கூடவே பாடினாள். அவள் குரல் அம்மா குரல் மாதிரி என்று எல்லோரும் சொல்வார்கள்.

"சின்னவகிட்ட இதைச் சொல்லிடாதீங்க" என்றார்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லணும்."

அவர் தலையை ஆட்டினார். சரி என்றா, முடியாது என்றா, தெரியவில்லை.

ஏழு பத்துக்கு வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. சின்னவள்தான். படியில் அவள் செருப்பைக் கழற்றுவது கேட்டது. ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அந்த இடைவெளியை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மணியடித்தாள்.

நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். இரண்டாம் முறையும் மணி அடித்தது. கதவைத் திறக்க எங்கள் இருவரில் யாரும் எழுந்திருக்கவில்லை.